பட்டையில் போட்ட மடிப்பு

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். தபால்காரருக்கு அண்ணி, பல் டாக்டருக்கு அண்ணி, அவளைவிடப் பத்து வயது மூத்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் அண்ணி. எல்லாம் அவளுடைய நாத்தனார் செய்த வேலை. சலவைக் கடையின் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு, காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து மாலையில் இறக்கும்வரை "அண்ணி, இது நாளைக்கே வேணுமாம்", "அண்ணி, இந்தக் கறை போகுமா பாருங்க" என்று அவள் உள்ளே பார்த்துக் கூவிக்கொண்டே இருந்தால் தெருவுக்கு வேறு பெயர் எப்படித் தெரியும்? பதிலுக்கு நாத்தனாருக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ. அது அவளுக்கும் தெரியும். "ரேடியோன்னா நாலு பேரு கேப்பாங்க. அதுல என்ன தப்பு?" என்பாள்.

அண்ணிக்குப் பேச்சு வராது. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு இரண்டு வார்த்தை செலவழிக்க அவளுக்கு மனசே வராது. அவள் பேச வேண்டியதையெல்லாம் இஸ்திரிப் பெட்டி பேசிற்று. அவள் மடிப்பு எடுத்த பேன்டோடு மழையில் தொப்பலாக நனைந்து வீடு போன ஒருவர், மறுநாள் வேலை மெனக்கெட்டு அதே பேன்டைக் கொண்டுவந்து, மடிப்பு அப்படியே நிற்பதைக் காட்டிவிட்டுப் போனார். "ம்" என்றாள் அண்ணி. அன்று பூராவும் அவள் முகம் மலர்ந்திருந்ததை ரேடியோ கவனிக்காமல் இல்லை.

கடை அண்ணியின் கணவர் ஆரம்பித்தது. அவர் இறந்துபோனபோது, அதற்கு முன்பே தன் கணவரைப் பறிகொடுத்திருந்த அவர் தங்கை ரேடியோ, அண்ணிக்குத் துணையாகக் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. கீழே கடை, மேலே இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. ரேடியோ பேசுவாள், அண்ணி கேட்பாள். ரேடியோ சூப்பில் உப்பை அள்ளிப் போடுவாள், அண்ணி சத்தம் போடாமல் தண்ணீர் விடுவாள். வண்டி இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ரேடியோவின் மகள் வேறு நகரத்தில் இருந்தாள். நல்ல பெண். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் போடுவாள். ரேடியோ அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாள்.

"அம்மா, எப்பதான் வர்றீங்க? உங்களுக்குன்னு ரூம் காலியா கிடக்கு. எதிர்லயே பார்க் இருக்கு."

"கடை இருக்கேடி. அண்ணி இஸ்திரி போடற வரைக்கும் கடை இருக்கும். கடை இருக்கிற வரைக்கும் நான் எங்க வர்றது?"

வாராவாரம் இதே கேள்வி, இதே பதில். அண்ணி இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருந்தாள். இஸ்திரி நின்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் ரேடியோ இல்லை. அறுபத்தேழு வயதில், பேச்சுச் சத்தமே இல்லாத இரண்டு அறையில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவள் இன்னொரு சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் வலது கை மக்கர் பண்ண ஆரம்பித்தது.

முதலில் காலை நேரத்தில் மட்டும். எழுந்தால் கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களும் தன்னுடையவை இல்லாத மாதிரி மரத்துக் கிடக்கும். கையை உதறுவாள். ஊசி குத்துகிற மாதிரி ஒரு விறுவிறுப்பு ஓடும், கொஞ்சம் உயிர் வரும். பிறகு பகலிலும் வந்தது. சட்டைப் பொத்தானைப் பிடித்தால் நழுவியது. டீ கிளாஸ் கையிலிருந்து போனது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சுரீர் என்று ஒரு வலி. எதைப் பிடித்தாலும் பிடித்த மாதிரியே தெரியாததால் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வலி அதிகமாயிற்று.

ரேடியோவிடம் மூச்சு விடவில்லை. "என்ன அண்ணி, கிளாஸைப் போட்டு உடைச்சுட்டீங்க?" என்றால், "வழுக்கிடுச்சு" என்று ஒரே வார்த்தை. கையை உதறுவதை ரேடியோ பார்த்துவிட்டால், ஈரம் உதறுவதாகப் பாவனை.

ஆனால் இஸ்திரிப் பெட்டியிடம் இந்தப் பாச்சா பலிக்குமா? பெட்டி எவ்வளவு சூடு என்பதை அண்ணி ஈர விரலால் அடியில் ஒரு கணம் தொட்டுத்தான் பார்ப்பாள். அதில் இருக்கிற திருகு, முள், சிவப்பு விளக்கு எதையும் அவள் மதித்ததில்லை. இப்போது ஆள்காட்டி விரல் பொய் சொல்ல ஆரம்பித்தது. கொதிக்கிற பெட்டியைத் தொட்டுவிட்டு, பரவாயில்லை, போடு என்றது. விரல் சொன்னதை நம்பிப் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் பெட்டியை வைத்தாள். தீய்ந்த வாசனை கவுன்டர்வரை போனது.

ரேடியோ ஓடிவந்தாள். கோட்டின் முதுகில், நட்டநடுவில், பெட்டியின் அடிப்பாகம் அச்சு அசலாகப் பழுப்பாக விழுந்திருந்தது.

"ஐயையோ! அண்ணி, என்ன பண்ணிட்டீங்க? உங்க கைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா? விரல் நுனியெல்லாம் கொப்புளமா இருக்கு! சுட்டது தெரியலையா உங்களுக்கு?"

அண்ணி கையைப் பார்த்தாள். உண்மையாகவே தெரியவில்லை.

பல் டாக்டர் தங்கமான மனிதர். "என் பேஷன்ட் எல்லாரும் அண்ணாந்து என் மூக்கைத்தான் பாக்கறாங்க. முதுகை யார் பாக்கறா?" என்று அந்தக் கோட்டையே மாட்டிக்கொண்டு போனார். போகிறபோது, கை மட்டுமே பார்க்கிற ஒரு டாக்டரைச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே ரேடியோ அண்ணியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். இரண்டு கையையும் மடக்கிப் புறங்கையோடு புறங்கை சேர்த்து வைக்கச் சொன்னார். சற்று நேரத்திலேயே விரல்கள் மரத்தன. சர்க்கரை, தைராய்டு இருக்கிறதா என்று ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். அதெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"வயசாச்சுன்னா கை மரத்துப்போறது சகஜம்தானே டாக்டர்?" என்றாள் அண்ணி. அவளாக வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் சொன்னதில் ரேடியோவே ஆடிப்போனாள்.

"எல்லாத்தையும் வயசு மேல போடாதீங்கம்மா. மணிக்கட்டுல ஒரு சின்ன சந்து இருக்கு. அது வழியாதான் ஒரு நரம்பு கைக்குள்ள போகுது. சந்து வீங்கிட்டா நரம்பு நசுங்கும். அதான் இந்த மூணு விரல் மரத்துப்போகுது. சுண்டு விரலுக்கு வேற நரம்பு, வேற வழி. அது தப்பிச்சுடுச்சு. தூங்கறப்போ நமக்குத் தெரியாமலே மணிக்கட்டு மடங்கும், அப்ப நரம்பு இன்னும் நசுங்கும். அதனால ராத்திரி மடங்காம நேரா வைக்க ஒரு பட்டை குடுப்போம். எதையும் இறுக்கிப் பிடிக்காதீங்க, நடுநடுவுல கைக்கு ஓய்வு குடுங்க. பெரும்பாலும் இதுலயே குறையும். குறையலைன்னா ஊசி இருக்கு, சின்ன ஆபரேஷன் இருக்கு. அப்படி வந்தா கொஞ்ச வாரம் வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! மற்ற எதுவும் அண்ணி காதில் ஏறவில்லை. வேலை செய்ய முடியாது என்பது மட்டும் ஏறிற்று.

பக்கத்து அறையில் தெரபிஸ்ட் பெண் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டாள். அது துணி மாதிரித் துவண்டது. எடுத்துத் துடைத்து, அண்ணியின் முன்கையில் சுற்றி, மணிக்கட்டை நேராகப் பிடித்துக்கொண்டாள். ஆறியதும் கெட்டியாகி, கைக்கென்றே வார்த்த பட்டையாகிவிட்டது. பிறகு அந்தப் பெண் பட்டையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொன்னாள். சுடு தண்ணீர் ஆகாது, வெயில் ஆகாது, குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போதும் என்றாள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் ரேடியோ, "ஏம்மா, உன் கோட்டை யாரு துவைக்கறா? காலர் இப்படி மடங்கிக் கிடக்கே! நம்ம கடைக்கு அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் காலர் புராணம் பாடினாள். அண்ணியும் அந்தக் காலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொழில் அப்படி.

பட்டை நன்றாகவே வேலை செய்தது. சில நாளிலேயே காலையில் விரல்கள் கொஞ்சம் உணர்வோடு எழுந்தன. அண்ணி பெட்டியின் சூட்டைச் சுண்டு விரலால் பார்க்கப் பழகிக்கொண்டாள். ஏமாற்றாத ஒரே விரல் அதுதானே. ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவில் கையைத் தொங்கப் போட்டு ஓய்வு கொடுத்தாள். ரேடியோ கவுன்டரிலிருந்து, "பிடியைத் தளர்த்துங்க அண்ணி, பெட்டி எங்கயும் ஓடிடாது!" என்று நாளெல்லாம் ஒலிபரப்பினாள்.

இதோடு விட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தினமும் மாட்டிக்கொண்டு தூங்கினால் பட்டையில் வியர்வை வாடை வராதா? வந்தது. அழுக்கோடு ஒரு சாமானைச் சும்மா வைத்திருக்க அண்ணிக்கு எப்படி மனசு வரும்? ஒரு காலை நேரத்தில், மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் கொதித்துக்கொண்டிருந்த தொட்டியில் அதையும் தூக்கிப் போட்டாள்.

வெளியே எடுத்தால் பட்டை துவண்டு தொங்கியது. வேறு யாராக இருந்தாலும் பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டிருப்பார்கள். அண்ணி பதறவில்லை. துவண்டுபோன, சுருங்கிப்போன எத்தனையோ சாமான்களை அவள் கை நிமிர்த்தியிருக்கிறது. மேசையில் விரித்தாள், மேலே வெள்ளைத் துணி போட்டாள், சுண்டு விரலால் சூடு பார்த்தாள், இஸ்திரி போட்டாள். ஆமாம், பட்டைக்கு இஸ்திரி! அப்பளம் மாதிரி நிமிர்ந்தது. பழக்க தோஷம், நடுவில் ஒரு மடிப்பும் எடுத்தாள். சூடு இருக்கும்போதே இடது கையால் வலது மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள். வலது கை அப்போதுதான் இஸ்திரி முடித்த கை. பெட்டியைப் பிடித்த வாக்கில் நன்றாக வளைந்து நின்றது. பட்டை அப்படியே ஆறி, அப்படியே இறுகிவிட்டது.

அண்ணிக்கு வேலை திருப்தியாக இருந்தது. சுத்தமாகவும் இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு நாளும் வளைந்த பட்டையில் வளைந்த கையோடு நிம்மதியாகத் தூங்கினாள்.

கை பழையபடி மரத்தது. பழையபடி என்ன, முன்னைவிட மோசம். காலையில் எவ்வளவு உதறியும் உயிர் வரவில்லை. சாவியைத் திருப்ப முடியவில்லை. சரி, வைத்தியம் தோற்றுவிட்டது, அடுத்தது ஆபரேஷன் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் இஸ்திரி இல்லை, கடை இல்லை, மேல் அறையில் தான் மட்டும். "கை எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டால் "தேவலை" என்றாள். அந்த வாரம் ரேடியோவின் மகள் போனில் பேசியபோது, அண்ணி துணி எடுக்கிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மறுபடி காட்டுவதற்குப் போகிற நாள் வந்தது. தெரபிஸ்ட் பெண் பட்டையைக் கையில் வாங்கினாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"நீங்க குடுத்த பட்டை."

"நான் குடுத்தது நேரா இருந்துச்சே. இது ஏன் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு? நடுவுல என்ன கோடு?"

அண்ணி தரையைப் பார்த்தாள். "மடிப்பு" என்றாள்.

"மடிப்பா?"

"துவைச்சேன். இஸ்திரி போட்டேன்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. டாக்டர் எட்டிப் பார்த்தார், அவரும் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நூல் பிடிச்ச மாதிரி எடுத்திருக்கீங்களே!" என்று அவரும் சிரித்தார். ரேடியோ நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தெருவுல இதைச் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான்! ஐயோ, அண்ணி, காலர் வெக்கலையே நீங்க!"

டாக்டர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "வைத்தியம் தோக்கலைம்மா. இத்தனை நாளா நரம்பை வளைச்சு வெச்சு நசுக்கியிருக்கீங்க, அவ்வளவுதான். புதுசா ஒரு பட்டை செஞ்சு தர்றோம். இப்ப வலி அதிகமா இருக்கறதால ஒரு ஊசியும் போடறேன். ஆனா கொஞ்ச வாரத்துக்கு இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது."

"முடியாது" என்றாள் அண்ணி.

"ஏன் முடியாது? கொஞ்ச வாரம்தானே?"

"இஸ்திரி இல்லைன்னா கடை இல்ல. கடை இல்லைன்னா இவ மக வீட்டுக்குப் போயிடுவா. வாராவாரம் அதைத்தான் சொல்றா. இவ போயிட்டா நான் என்ன பண்றது? கை நல்லாகி நான் யாருக்குத் துணி போடறது?"

அண்ணி ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அதைவிட அதிசயம், ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். ஊசி போட்டபோது பேசவில்லை, புதுப் பட்டை செய்தபோது பேசவில்லை, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரும்வரை பேசவில்லை. அண்ணிக்கு வலித்த கை ஒரு பக்கம், இந்த மௌனம் ஒரு பக்கம். சொன்னது தப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைக்குள் வந்ததும் ரேடியோ கைப்பையை கவுன்டரில் விசிறிப் போட்டாள்.

"இத்தனை வருஷமா நான் பேசினதுல உங்களுக்கு இது ஒண்ணுதான் காதுல விழுந்துச்சா?"

"நீதானே சொன்னே..."

"ஆமா, சொன்னேன்! கடை இருக்குன்னு சொன்னாத்தான் என் மக என்னை விடுவா. வேற என்னத்தைச் சொல்றது நான்? எங்க அண்ணிக்கு நான் வேணும்னு சொல்லவா? அதை நீங்க ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா? என் மக வாராவாரம் 'வாங்க, வாங்க'ன்றா. நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'போகாதே'ன்னு சொல்லியிருக்கீங்களா?"

அண்ணி கவுன்டரில் கிடந்த கைப்பையை எடுத்து நேராக வைத்தாள். ரேடியோ கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விறுவிறுவென்று இஸ்திரி மேசைக்குப் போனாள்.

"நாளையிலேருந்து நான் போடறேன் இஸ்திரி. நீங்க கவுன்டர்ல உட்காருங்க. நாலு பேரோட பேசிப் பழகுங்க. உங்களுக்கு அதுவும் ஒரு வைத்தியம்தான்."

அடுத்த சில வாரங்கள் தெரு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ரேடியோவின் இஸ்திரியில் ஒவ்வொரு பேன்டுக்கும் இரண்டு மடிப்பு, சிலதற்கு மூன்று. தபால்காரரின் சீருடையில் சட்டைப்பை, இருந்த இடம் தெரியாமல் துணியோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சட்டையைப் பார்த்து, "ஆஹா, நல்லாத்தானே இருக்கு!" என்றார். ஒருத்தரும் வேறு கடைக்குப் போகவில்லை.

கவுன்டரில் அண்ணி பட்ட பாடு அதைவிடப் பெரிது. வருகிறவர்கள் எல்லாரும் பட்டைக்கு இஸ்திரி போட்ட கதையை அவள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். முதலில் "போட்டேன்" என்றாள். பிறகு "துவைச்சேன், போட்டேன்" என்றாள். மூன்றாவது வாரத்தில், மடிப்பு எடுத்ததையும் டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததையும் சேர்த்து அவளே சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நடுநடுவில் தெரபிஸ்ட் பெண் சொல்லிக் கொடுத்தபடி விரலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தாள். புதுப் பட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அசல் வெள்ளையில் ஒரு மடிப்பு எடுக்கக் கை பரபரத்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். கிளாஸ் நழுவவில்லை. பொத்தான் பிடிபட்டது. காலையில் கையை உதற வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ரேடியோ கேட்டதற்கு மட்டும் அண்ணி இன்னும் பதில் சொல்லவில்லை. ரேடியோவும் மறுபடி கேட்கவில்லை. எல்லாம் பேசினாள், அதை மட்டும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது ரேடியோ பல் டாக்டரின் புதுக் கோட்டை மேசையில் விரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, என் கையில பெட்டி இருக்கு. நீங்க எடுங்க!" என்று கத்தினாள். அண்ணி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா? கை எப்படி இருக்கு?"

"நல்லாயிடுச்சு."

"அப்பாடா! ஆனா அத்தை, எத்தனை நாளைக்குத்தான் நீங்க ரெண்டு பேரும் இப்படிக் கஷ்டப்படுவீங்க? அம்மாவை எப்ப அனுப்பறீங்க?"

இதற்கு அண்ணி எப்போதும் சொல்கிற பதில் "அவ இஷ்டம்" என்பதுதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அனுப்பமாட்டேன்" என்றாள்.

"என்ன அத்தை?"

"அனுப்பமாட்டேன். கடை இருந்தாலும் சரி, இல்லைன்னாலும் சரி. என் கை நல்லா இருந்தாலும் சரி, போனாலும் சரி. நீ வேணா இங்க வந்து பாத்துட்டுப் போ. உங்கம்மா சூப்புல உப்பு அதிகம் போடுவா, நான் தண்ணி விட்டுக்கறேன். அவளை அனுப்பமாட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "சரி அத்தை. அடுத்த மாசம் நானே வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அண்ணி திரும்பினாள். இஸ்திரி மேசைக்குப் பின்னால் ரேடியோ வாய் பிளந்து நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் நிறைந்திருந்தது. எங்கிருந்தோ தீய்ந்த வாசனை வந்தது.

"பெட்டி!" என்றாள் அண்ணி.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"பெட்டியை எடுடி!"

"என்கிட்ட சொல்லுங்க. சொன்னாத்தான் எடுப்பேன்."

புகை எழும்பிவிட்டது.

"போகாதே! போதுமா? எங்கயும் போகாதே. முதல்ல அதை எடு!"

ரேடியோ எடுத்தாள். பல் டாக்டரின் புதுக் கோட்டில், முதுகில், நட்டநடுவில், பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது. இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். "பாவம் அந்த மனுஷன்" என்று ரேடியோ ஆரம்பித்தாள். அதற்கு மேல் பேச முடியாமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அண்ணி பழக்க தோஷத்தில் அந்தப் பழுப்பின் மேல் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சுடுதுடி!" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.